இயக்ககம் கோப்பை கழுவிய வியாழக்கிழமை

மகளிர் மனமகிழ்வு மேம்பாட்டு இயக்ககத்துக்கு ஒரு நாள் காலையில் ஒரு கெட்ட செய்தி வந்து சேர்ந்தது. நகரத்தின் ஒரு மூலையில் சில பெண்கள் இயக்ககத்தின் உதவி இல்லாமலே மகிழ்ச்சியாக இருக்கிறார்களாம்.

முதலில் யாரும் நம்பவில்லை. இயக்ககம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு 'மகளிர் மகிழ்வகம்' திறந்து வைத்திருக்கிறது. மகிழ்வகம் என்றால் லேசுப்பட்டதல்ல. பளிங்குத் தரை, சுவரில் உறுதிமொழி, சிரிக்கும் பெண்ணின் ஆளுயரப் படம், வருகையைப் பதிவு செய்யக் கைரேகை எந்திரம் எல்லாம் உண்டு. பெண்கள்தான் இல்லை. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் ரிப்பனோடு சேர்ந்து போய்விட்டது. எந்திரத்தில் காவலாளியின் விரல் மட்டும் நாள் தவறாமல் பதிந்துகொண்டிருந்தது. அந்த விரலை வைத்துத்தான் இயக்ககம் வருடா வருடம் மகளிர் மகிழ்ச்சி உயர்ந்துவருவதாக அறிவித்துவந்தது.

இப்படியிருக்க, வார்டு நூலகத்தின் மாடியில், காரை பெயர்ந்த ஓர் அறையில், வியாழக்கிழமை சாயங்காலங்களில் பெண்கள் கூடிச் சிரிக்கிறார்கள், கீழே உட்கார்ந்து படிக்க முடியவில்லை என்று வாசகர் ஒருவர் புகார் செய்திருந்தார். இயக்ககம் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. அவமானமாக எடுத்துக்கொண்டது. பெண்கள் அந்த அறைக்கு ஏன் போகிறார்கள், போய் ஏன் மகிழ்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உடனே உத்தரவாயிற்று.

அந்த மாடி அறையின் சாவி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். மேசைக்குப் பின்னால் உட்காரும் பெண்ணுக்கு அதனாலேயே சாவி என்று பெயராகிவிட்டது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "உக்காருங்க, இதோ கூப்பிட்டுடுவாங்க" என்று சொல்வது அவள் வேலை. வெகு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வெளியே வந்து தெருவைக் கடந்து மாடியேறிக் கதவைத் திறந்துவிடுவாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எல்லாரையும் சொல்லி மாளாது. முக்கியமான மூன்று பேரைச் சொன்னால் போதும். பேருந்து நடத்துனரான விசில். தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்கா. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் வாய்க்கு ஓய்வு கொடுக்காத கணக்கு டீச்சர்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. சொன்னால், சொன்னவர் எல்லாருடைய டீக் கோப்பையையும் கழுவ வேண்டும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் டீச்சர்தான். ஆரம்பத்தில் ஒரு நாள் விசில், கால் வலி தாங்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் எண்ணெய், ஒத்தடம், உடற்பயிற்சி, வேலை மாற்றம் என்று அடுக்கிவிட்டார். விசிலுக்கு வந்ததே கோபம்!

"டீச்சர், காலையில இருந்து பஸ்ஸுல ஏறுற ஒவ்வொருத்தரும் எனக்கு எப்படி டிக்கெட் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க. வீட்டுக்குப் போனா கொழம்புல உப்பு எப்படிப் போடணும்னு சொல்றாங்க. நான் இங்க வழி கேக்க வரல. வலிக்குதுன்னு சொல்ல வந்தேன். சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

அன்று டீச்சர் தானாகவே எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினார். அதுவே சட்டமாகிவிட்டது. போகப்போகச் சட்டம் கூர்மையாகியது. "என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அவ என்ன பண்ணினான்னா" என்று ஆரம்பித்தாலும் குற்றம்தான். "நானா இருந்தா" என்பதும் குற்றம். பெருமூச்சோடு "எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட" என்று இழுப்பதும் குற்றம். குற்றம் நடந்த நொடியில் விசில் இரண்டு விரலை வாயில் வைத்து ஓர் ஊதல் ஊதுவாள். குற்றவாளி தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போய்விட வேண்டியதுதான். பெரும்பாலும் டீச்சர்தான் போவார். அவர் கையில் எப்போதும் சோப்பு வாசனை அடிக்கும். ஆனாலும் வாரம் தவறாமல் வந்துவிடுவார்.

இந்த வியாழக்கிழமை சாவிக்கு அந்த அறை ரொம்பத் தேவையாக இருந்தது.

வெளியூரில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. மகனும் அவள் கணவரும் போனில் பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அவள் வேலையை விட்டுவிட வேண்டியது, வீட்டை வாடகைக்கு விட வேண்டியது, இரண்டு பேரும் மகன் வீட்டோடு போய் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. இதெல்லாம் முடிவானபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவளுக்கு என்னடா, துள்ளிக் குதிப்பா" என்று கணவர் போனில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. துள்ளிக் குதிக்க வேண்டியவள் தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றிலிருந்து ஒரு வாக்கியம் தொண்டையில் வந்து நின்றுகொண்டிருக்கிறது. யாரிடம் சொன்னாலும் உடனே பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். பேரக் குழந்தை என்றால் சும்மாவா, ஊரில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, வயதான காலத்தில் வேறெங்கே போவாய். பதில் வராத ஓர் இடத்தில் ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

டீ ஊற்றியாயிற்று. சாவி தொண்டையைச் செருமினாள். கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு இயக்ககத்தின் கள ஆய்வாளர் உள்ளே வந்தார்.

சாதுவான மனிதர். கொடுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குழுவின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரா? வியாழக்கிழமைன்னு சொல்லிக்குவோம்" என்றாள் சலவைக்கடை அக்கா.

"தலைவி யாரு?"

"அப்படி யாரும் இல்லையே."

"அப்ப கதவ யாரு திறக்கறது?"

"நான்" என்றாள் சாவி.

"அப்ப நீங்கதான் தலைவி" என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். இப்படித்தான் சாவி தலைவியானாள். "இங்க கூடி என்ன செய்யறீங்க?"

"பேசறோம்."

"பேசி என்ன முடிவுக்கு வருவீங்க?"

"இருட்டினா முடிச்சுக்குவோம்" என்றாள் விசில்.

ஆய்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நோக்கம் இல்லாத குழுவுக்கு நகராட்சி அறையில் இடம் கிடையாது, நோக்கம் தெரியாவிட்டால் அறையை எடுத்து உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கக் கொடுத்துவிடுவார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். நாற்காலிகளுக்கு நோக்கம் உண்டா என்று டீச்சர் கேட்டார். அவை பழுதுபார்க்கப்படக் காத்திருக்கின்றன, அதுவே நோக்கம்தான் என்றார் ஆய்வாளர். பிறகு நல்ல எண்ணத்தில், "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்கல்லாம் சேர்ந்து ஊறுகாயோ மெழுகுவத்தியோ ஏதாவது செஞ்சு விக்கலாமே" என்றார்.

விசில் சத்தம் அறையைக் கிழித்தது. ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார். விஷயத்தை விளக்கித் தட்டைக் கையில் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். கோப்பைகளைப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது. சாவியின் வாக்கியம் தொண்டையோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை துணை இயக்குநர் அம்மா வந்தார். அவருக்கு முன்னால் ஒரு பேனர் வந்தது. அறையில் இருந்த ஒரே ஜன்னலை மறைத்து அதைக் கட்டினார்கள். 'பெண்ணின் குரலுக்கு ஒரு ஜன்னல்' என்று அதில் எழுதியிருந்தது. பேச்சுமேடை ஒன்றையும் கொண்டுவந்தார்கள். மேடை உள்ளே வந்ததும் பாதிப் பெண்கள் வராந்தாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

துணை இயக்குநர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"சகோதரிகளே, பெண்கள் மனம் விட்டுப் பேச வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் நம் சமூகத்தின் பெரிய குறை. இதை நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்கூட ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. அந்த அளவுக்கு அவர்கள் மௌனத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். ஆகவே மௌனத்தைக் கலைப்பது எப்படி என்று இன்று சற்று விரிவாகப் பேசவிருக்கிறேன்."

சற்று என்பதற்கு இயக்ககத்தில் வேறு அளவு. பேச்சுக்கு நடுவில் சாவி துணிந்து எழுந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"ரொம்ப நல்லதும்மா! பாருங்க, இப்பவே பலன் தெரியுது. எல்லாத்தையும் கடைசியில கேப்போம், உக்காருங்க."

கடைசியில் கார் தயாராக நின்றது. போகிற போக்கில் துணை இயக்குநர் சாவியின் தோளைத் தட்டி, கூச்சத்தை விட வேண்டும் என்றார். விசில் விரலை வாய்வரை கொண்டுபோனாள். கூட வந்திருந்த கள ஆய்வாளர் கெஞ்சுவதுபோலப் பார்த்ததால் விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் சிரிப்பை ஆராய இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். கையில் சத்தம் அளக்கும் கருவி இருந்தது. இயல்பாக இருங்கள், நாங்கள் இருப்பதையே மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்கு நட்ட நடுவில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக இருந்தார்கள். சலவைக்கடை அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. கடைக்கு வந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சட்டை சரியாக வெளுக்கவில்லை என்று அவர் கடை வாசலில் நின்று கத்தோ கத்தென்று கத்தினாராம். ஒரு சொல்கூடப் புரியவில்லையாம். என்ன திட்டினாலும் தலையாட்டிக்கொண்டே அக்கா அந்தச் சட்டையின் பையில் கை விட்டுப் பார்த்தால், உள்ளே அவருடைய பல் செட்.

"நான் என்ன பண்றது? எடுத்து நீட்டினேன். வாங்கி மாட்டிக்கிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து திட்டினாரு!"

சாவிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. "அந்தப் பல்லு எங்க ஆஸ்பத்திரியில கட்டினது. போன வாரம் வந்து எங்களையும் திட்டினாரு. அப்ப நல்லாவே புரிஞ்சுது!" என்றாள். அறையே வெடித்தது. சாவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நிபுணர்களில் மூத்தவர் கருவியைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். "பல் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டதா?"

"பின்ன? வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

"அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிரச்சினைக்கு எதற்குச் சிரிப்பு?"

காரணமுள்ள சிரிப்பு, காரணமற்ற சிரிப்பு என்று இரண்டு வகை உண்டு, இங்கே இரண்டாவதுதான் மிகுதி, அது ஆபத்தானது என்றார். தரமான சிரிப்புக்கு ஒரு மாதிரி வேண்டும் என்பதால் அதே கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அக்கா சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது அக்காவே அழுதுவிடுவாள் போலிருந்தது. கருவி சரியாக வேலை செய்வதாக இளையவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

வீட்டில் பெட்டிகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. வாடகைக்கு வருகிறவர்கள் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். மருத்துவமனையில் ஒரு புதுப் பெண்ணை மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வேலையைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். "உக்காருங்க, இதோ கூப்பிட்டுடுவாங்க" என்று அந்தப் பெண் இனிமையாகச் சொல்வதைச் சாவி பக்கத்தில் இருந்து கேட்டாள்.

ஊருக்குப் போக டிக்கெட் வாங்கியிருந்தது ஒரு வெள்ளிக்கிழமைக்கு. அதற்கு முந்தின நாளான வியாழக்கிழமைதான் இயக்குநரே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது.

இயக்குநர் வருவதென்றால் ஒத்திகை இல்லாமலா? துணை இயக்குநர் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். மனக்குறை சொல்பவர் ஒருவர், ஆறுதல் அடைபவர் இருவர், பின்னணியில் புன்னகை செய்பவர்கள் மற்றவர்கள். கண்ணீர் விடும் பொறுப்பு விசிலுக்கு வந்தது. விசில் அழுது யாரும் பார்த்ததில்லை.

"வராதும்மா எனக்கு" என்றாள்.

"முயற்சி பண்ணுங்க. இயக்குநர் வர்ற நேரத்துல கொஞ்சமாவது கலங்கணும். அவர் வந்து பேசினதும் தெளியணும்."

யோசனை சொல்லக்கூடாது என்ற சட்டத்துக்கும் திருத்தம் வந்தது. இனிமேல் தகுதி பெற்றவர்கள் சொல்லலாம். யாருக்குத் தகுதி என்று இயக்ககம் தீர்மானிக்கும். தலைவி என்ற முறையில் சாவிக்கு ஒரு உரை எழுதிக் கொடுத்தார்கள். 'இக்குழுவில் இணைந்ததனால் யான் அடைந்த நன்மைகள்' என்று தொடங்கும் உரை. யான் என்று தன்னைத் தானே அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மனப்பாடம் செய்யத் தலைகீழாக நின்றாள், ஏறவில்லை.

ஒத்திகை முடிந்து மாடிப்படி இறங்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்தார். "சாவி, உன் முகமே சரியில்ல. என்னன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றார். கேட்காமலே அவள் வீட்டுத் தெருமுனைவரை கூடவே நடந்துவந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வியாழக்கிழமை வந்தது. மாடி அறையில் இயக்ககத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மைக்செட்காரர், படமெடுப்பவர், நிபுணர்கள், பிற பிரிவு அதிகாரிகள், அவர்களுடைய உதவியாளர்கள். பெண்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வந்தன. சொன்ன நேரத்துக்கு வெகு நேரம் கழித்து இயக்குநர் வந்தார். விசில் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்திருந்தாள்.

"மகிழ்ச்சி என்பது தானாக வருவதில்லை" என்று இயக்குநர் முழங்கினார். "அதற்குத் திட்டம் வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மகிழ்ச்சி எப்போது வேண்டுமானாலும் போய்விடும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் மகிழ்ச்சிக்காக இரவு பகலாக உழைக்கிறேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தே பல நாளாயிற்று. அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன்."

கைத்தட்டல் எழுந்தது. தலைவி பேசுவார் என்று அறிவித்தார்கள். சாவி மைக் முன்னால் போய் நின்றாள். கையில் அந்த உரை இருந்தது. முதல் வரியைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் பார்த்தாள். நாளைக்கு இந்நேரம் ரயிலில் இருப்போம் என்ற நினைப்பு வந்தது. இன்று விட்டால் இனி இந்த அறை இல்லை.

"எனக்குப் போக இஷ்டமில்ல" என்றாள்.

மைக் அதை அறை முழுக்கச் சொன்னது. இயக்குநர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "யாரும் உங்களப் போகச் சொல்லலையேம்மா. நின்னு நிதானமாப் பேசுங்க."

"நாளைக்கு ஊருக்குப் போறேன். பையன் வீட்டுக்கு. குழந்தை பொறக்கப் போகுது, பாத்துக்கணும். வேலைய விட்டாச்சு. வீட்டையும் விட்டாச்சு. என்னைய யாரும் கேக்கல. எனக்குப் போக இஷ்டமில்ல."

சுவரோரத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இயக்ககம் அப்படி இருந்துவிட முடியுமா? அதன் பிழைப்பே அதுதானே.

"பேரக் குழந்தைய வளக்கறது பெரிய பாக்கியம்மா" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "போய்ப் பாருங்க, அப்புறம் திரும்பி வரவே மனசு வராது." மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே இருக்கலாம் என்றார் துணை இயக்குநர். இடமாற்றத்துக்கு மனதைப் பழக்க மூச்சுப் பயிற்சி இருப்பதாக மூத்த நிபுணர் சொன்னார். மருமகளிடம் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்துவிட வேண்டும் என்றார் ஓர் அதிகாரி. கண்டிப்பு கூடவே கூடாது என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் அங்கேயே வாக்குவாதம் மூண்டது. மைக்செட்காரர்கூடத் தன் மாமியார் கதையை எடுத்துவிட்டார். கள ஆய்வாளர் மட்டும் "மேடம், நீங்க வந்து..." என்று வாயைத் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார்.

விசில் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு ஊதல் ஊதியிருக்க மாட்டாள். கீழே நூலகத்தில் புத்தகம் விழுந்தது.

டீச்சர் பெரிய தட்டில் அத்தனை டீக் கோப்பைகளையும் அடுக்கிக் கொண்டுவந்து இயக்குநரின் கையில் வைத்தார்.

"என்ன இது?" என்று இயக்குநர் துணை இயக்குநரின் காதில் கேட்டார்.

துணை இயக்குநருக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் இல்லை. "இவங்க மரபு சார். பெரியவங்க வந்தா கௌரவிக்கறது" என்றார்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. படமெடுப்பவரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வராந்தாக் குழாயடிக்கு ஊர்வலம் கிளம்பியது. இயக்குநர் கழுவும்போது அவருக்குக் கீழ் உள்ளவர்கள் சும்மா நிற்கலாமா? துணை இயக்குநர் துடைத்தார், நிபுணர்கள் அடுக்கினார்கள், மற்ற அதிகாரிகள் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள். மைக்செட்காரரும் போனார். படம் சரியாக விழவில்லை என்று கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினார்கள். கள ஆய்வாளர் கடைசியாக வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அறையில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

சாவி மைக்கை விட்டு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை மேல் ஆசை இல்லாமல் இல்லை, பிறந்ததும் ஓடிப் போய்ப் பார்ப்பாள். ஆனால் பார்க்கப் போவது வேறு, பார்த்துக்கொள்ளப் போவது வேறு. வீங்கின கன்னத்தோடு வருகிறவர்கள் போகும்போது சிரித்துக்கொண்டு போவதைப் பார்ப்பதற்கே அவளுக்கு அந்த மேசை பிடிக்கும். இதையெல்லாம் சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்களோ என்று பயந்து பயந்து, தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. விசில் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய பாடு என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கோப்பைகள் நிறைய இருந்தன. அவள் சொல்லி முடிக்கிறவரை தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

இயக்ககத்தின் அறிக்கை பிறகு வெளியாயிற்று. பெண்கள் குழுக்களில் ஏன் சேர்கிறார்கள், சேர்ந்து ஏன் மகிழ்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தேநீர்க் கலத் தூய்மைப் பணிதான் காரணம். இயக்குநர் தாமே அந்தப் பணியில் ஈடுபட்டபோது சொல்லொணா மகிழ்ச்சியை உணர்ந்ததாக முன்னுரையில் எழுதியிருந்தார். எல்லா மகிழ்வகங்களிலும் குழாயும் தொட்டியும் கட்டினார்கள். முறைப்படி கழுவப் பயிற்சியும் வைத்தார்கள். இதே வேலை வீட்டிலேயே இருக்கிறதே என்று பெண்கள் யாரும் வரவில்லை. அது ஏன் என்று ஆராய இப்போது வேறொரு குழு போட்டிருக்கிறார்கள். மாடி அறை முன்மாதிரித் தூய்மைக் கூடமாகிவிட்டது. உள்ளே அத்தனை தொட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட இடமில்லை. வியாழக்கிழமைகளில் இப்போது சலவைக்கடையின் பின்கட்டில், தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் கூடுகிறார்கள். கள ஆய்வாளருக்கு முகவரி தெரியும். இயக்ககத்தில் கேட்டால் தெரியாது என்கிறார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சாவி வீட்டுக்குப் போனபோது கணவர் கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இந்த முடிச்சக் கொஞ்சம் பிடி" என்றார்.

அவள் பிடிக்கவில்லை. "ஏங்க, நான் வரல. குழந்தை பொறந்ததும் போய்ப் பாத்துட்டு வரலாம். அங்கயே போய் இருக்க எனக்கு இஷ்டமில்ல" என்றாள்.

அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே நிமிர்ந்தார். "என்னது? டிக்கெட் வாங்கினதுக்கு அப்புறமா? அந்தப் பொம்பளைங்கள்ல யாரு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் நான் சொன்னது எனக்கே காதுல விழுந்துச்சு."

அவர் கயிற்றை விட்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்ததோ, அல்லது டிக்கெட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் யோசித்தாரோ, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போன் அடித்தது. மகன்தான். வழக்கமாக அவர்தான் எடுப்பார். கொஞ்ச நேரம் அடிக்க விட்டுவிட்டு, போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மகனிடம் சொன்னாள்.

"அம்மா, அம்மா, இரு. நான் என்ன சொல்றேன்னா..."

"நீ அப்புறம் சொல்லுப்பா" என்றாள். "நான் இன்னும் முடிக்கல."